கேள்வி–பதில்: ஆங்கிலச் சொல், மோர்ஸ் குறி

கே: அட்டவணையைப் பார்த்துத்தான் ஆங்கிலச் சொற்களை மோர்ஸில் (ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி, கோடுகளால் காட்டும் குறிமுறை) எழுதுகிறேன். படிப்பவருக்கு மட்டும் வேறு எழுத்துகள் வருகின்றனவே?

ப: எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். 'டீ' (டி, இ, ஏ) என்ற சொல் - . .- என்று வரும். நெருக்கி -..- என்று எழுதினால் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து! எழுத்துக்கு எழுத்து ஓர் இடம் விடுங்கள். சொல் முடிந்தால் சாய்கோடு (/) போடுங்கள். 'வாட்டர்' என்றால் .-- .- - . .-. அவ்வளவுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் மோர்ஸில் இல்லை.

கணினியில் தட்டச்சு செய்கிறீர்களா? அப்படியானால் தானியங்கித் திருத்தத்தை முதலில் நிறுத்துங்கள். சில மென்பொருள்கள் அடுத்தடுத்த இரண்டு கோடுகளை ஒரே நீளக் கோடாக்கிவிடும். எம் (--) அனுப்பினால் டி (-) போலத் தெரியும். மூன்று புள்ளிகளும் சில சமயம் ஒரே குறியாகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மொழிபெயர்ப்புச் செயலி மட்டும் திணறும்.

கே: டார்ச் விளக்கில் அனுப்பும்போது கோட்டை எவ்வளவு நேரம் எரியவிட வேண்டும்?

ப: புள்ளியைப் போல மூன்று மடங்கு. புள்ளி 1 அலகு என்றால் கோடு 3. ஒரே எழுத்துக்குள் இருட்டு 1, எழுத்துகளுக்கு நடுவே 3, சொற்களுக்கு நடுவே 7. இந்தக் கணக்கில் 'வாட்டர்' 37 அலகு. புள்ளிக்குக் கால் நொடி வைத்தால் ஒன்பதேகால் நொடியில் முடிந்துவிடும். புதியவர்கள் கோட்டை இழுப்பார்கள், இருட்டை விழுங்குவார்கள். இருட்டையும் மனசுக்குள் எண்ணுங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் வெளிச்சம் மாறுகிற டார்ச் இதற்கு உதவாது. அதை எரியவிட்டு, உள்ளங்கையால் மூடித் திறப்பது மேல்.

வேகத்துக்கு அளவுகோல் 'பாரிஸ்' என்ற சொல்: கடைசி இடைவெளியோடு சரியாக 50 அலகு. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதால் 1200ஐ வகுத்தால் புள்ளியின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். 20 சொல் வேகத்தில் 60 மில்லிநொடி.

கே: எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துக்கால அழைப்பிலும் இடைவெளி விட வேண்டுமா?

ப: கூடாது. ...---... என்று ஒரே மூச்சில் போக வேண்டும். அதை மூன்று எழுத்தாகப் பிரிப்பது நம் வசதிக்குத்தான்.

கே: மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறிக்கு?

ப: .--.-. இது ஏ, சி இரண்டையும் ஒட்டியது, 2004இல் சேர்த்தார்கள். ஆச்சரியக்குறிக்குச் சர்வதேசப் பட்டியலில் இன்னும் இடமில்லை.