பசியாறப் போவோமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலையிடத்துச் சீன நண்பர் அடிக்கடி கோப்பிக் கடைக்குக் கூப்பிடுகிறார். நான் மாடு, பன்றி இரண்டும் தொடுவதில்லை. அவர் முகம் கோணாமல் என்ன சாப்பிடலாம்? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: மாட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். குவான் இன் அம்மனைக் கும்பிடும் சீனர்கள் பலர் அவர்களே மாடு தொடமாட்டார்கள். சிக்கல் பன்றியில்தான். தட்டில் துண்டாகக் கிடந்தால் ஒதுக்கிவிடலாம். எண்ணெயாகவும் சூப்பாகவும் வந்தால் என்ன செய்வது?

சார் கோய்த்தியாவ் (தட்டையான அரிசி நூடல்ஸ் பிரட்டல்) நல்ல உதாரணம். இறால், கெராங் (சிப்பி), முட்டை, தவ்கே (பயறு முளை), கூச்சாய் கீரை என்று பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் பழைய பாணியில் பிரட்டுகிறவர் சட்டியில் முதலில் விடுவது பன்றிக் கொழுப்பு. சிவப்பாக வட்ட வட்டமாகக் கிடக்கும் லாப் சியோங் சாசேஜும் பன்றிதான். 'மிஞ்ஞா பாபி தா மாவ், லாப் சியோங் தா மாவ்' (பன்றி எண்ணெயும் லாப் சியோங்கும் வேண்டாம்) என்று சொன்னால் பலர் சாதா எண்ணெயில் போட்டுத் தருவார்கள். தட்டுத் தட்டாகப் பிரட்டுவதால் அது முடியும். ஆனால் சட்டி அதே சட்டி. அது மனதுக்கு ஒப்பாது என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

பினாங்கு ஹொக்கியன் மீயில் (மீ என்றால் நூடல்ஸ்) இந்தப் பேரமே கிடையாது. இறால் தலையும் ஓடும் பன்றி எலும்பும் சேர்ந்து கொதித்த சூப் அது. மேலே கிடப்பதை எடுத்துப் பயனில்லை. (கோலாலம்பூரில் அதே பெயரைச் சொன்னால் கறுப்புக் கிச்சாப்பில் பிரட்டிய தடித்த மீ வரும். அதில் மொறுமொறுவென்று கிடப்பது பொரித்த பன்றிக் கொழுப்பு.) கறி மீயில் கரும்பழுப்பாகச் சதுரமாகக் கிடப்பது பெரும்பாலும் பன்றி ரத்தக் கட்டி. கோழிச் சோற்றுக் கடையில் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள்: கோழிக்குப் பக்கத்தில் தோல் மொறுமொறுத்த பன்றி தொங்கினால், இரண்டையும் வெட்டுவது பெரும்பாலும் ஒரே கட்டையில், ஒரே கத்தியில்.

அப்படியானால் மிச்சம் என்ன? ஆசாம் லக்சா (புளிப்பு மீன் குழம்பு நூடல்ஸ்), சீ சியோங் பான் (சுருட்டிய அரிசி மாவுத் தாள்), காயா (தேங்காய்ப்பால் ஜாம்) ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும், இனிப்புக்குச் செண்டோல், ஐஸ் கச்சாங். பசியாற இது போதும். சீ சியோங் பானுக்கு மேலே ஊற்றும் கறுப்புப் பசை ஹேகோ, இறாலில் செய்தது; பன்றி இல்லை.

இன்னொன்று. இருவரும் சார் கோய்த்தியாவ் கேட்டால் சிலர் இரண்டு தட்டையும் ஒரே தடவையில் போட்டுவிடுவார்கள். சட்டியில் கூட்டம் கூடினால் சூடு இறங்கும், தவ்கே தண்ணீர் விடும், பிரட்டல் அவியலாகிவிடும். இருவருக்கும் ஆகிற உணவாக, ஆளுக்கொன்றாக வேறு வேறு வாங்கிப் பாதி பாதி பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பிரட்டியதை முதலில் முடியுங்கள், ஆறினால் கட்டியாகிவிடும். சூப் காத்திருக்கும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சைவம். ஆசாம் லக்சாவில் கறி இல்லையே, சாப்பிடலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: கூடாதம்மா. அந்தக் குழம்பு கெட்டியாக இருப்பதே கெம்போங் மீனை அவித்து உதிர்த்துப் போடுவதால்தான். அரைப்பில் பெலாச்சான், கரண்டியில் ஹேகோ, இரண்டும் இறால். மீன் போடாத லக்சா சீனச் சைவக் கடைகளில் கிடைக்கும். அந்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. முட்டை சில கடைகளில் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் அங்கே கூட்டம் நெரியும். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். ஒன்பதாம் மாதத்தின் முதல் 9 நாள் ஒன்பது பேரரசர் விழா. அப்போது மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் முளைக்கும். பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். 2024இல் இரண்டும் அக்டோபர் 3ஆம் தேதிதான் தொடங்கின.

கேள்வி: நாசி கண்டார் (சோற்றில் கறி ஊற்றித் தருவது) கடையில் நண்பருக்கு 9 வெள்ளி (ரிங்கிட்), எனக்கு 24 வெள்ளி. இருவருக்கும் சோறும் ஒரு கறியும்தான். ஏமாற்றுகிறார்களா? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: நீங்கள் என்ன கறி எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே! பெரிய சூத்தோங் (கணவாய்), இறால், மீன் முட்டை, மீன் தலை ஆகியவைதான் விலையை ஏற்றுபவை. தட்டைக் கண்ணால் பார்த்தே விலை போடுகிற கடைகளும் உண்டு. ஆகவே கரண்டி சட்டிக்குள் இறங்குவதற்கு முன்பே, 'அண்ணே, இந்தத் துண்டு எவ்வளவு?' என்று கேட்டுவிடுங்கள். சோற்றில் விழுந்த பிறகு கேட்டுப் பலனில்லை. இருவராகப் போனால் ஆளுக்கொரு சோறு, ஒரு பொரித்த கோழி, ஒரு சூத்தோங், ஒரு வெண்டைக்காய் எடுத்து நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

விலையைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. 'கூவா சம்போர்' என்றாலும் 'பஞ்சிர்' என்றாலும் நாலைந்து சட்டிக் குழம்பு கலந்து விழும், அதில் மாட்டுக் குழம்பும் ஒன்றாக இருக்கலாம். இங்கே 'டாகிங்' என்றால் மாடு, 'கம்பிங்' என்றால் ஆடு. மாடு சாப்பிடாதவர் 'கோழிக் குழம்பு, மீன் குழம்பு மட்டும்' என்று தமிழிலேயே சொல்லலாம், பல கடைகளில் புரியும். கரண்டியையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே கரண்டிதான் சட்டிக்குச் சட்டி தாவுகிறது.

கேள்வி: கோப்பிக் கடையில் தண்ணீர்ப் போத்தலை வெளியே எடுத்ததும் கடைக்காரர் முறைத்தார். ஏன்? (பாயான் பாரு வாசகி)

பதில்: மீ போடுகிறவர் வேறு, கடைக்காரர் வேறு. ஒட்டுக்கடைகள் வாடகைக்கு இருக்கின்றன. மேசையும் நாற்காலியும் போட்டவர் பிழைப்பதே பானத்தில். ஆளுக்கொரு பானம் கேட்பது மரியாதை. சில கடைகளில் கேட்காதவருக்குத் தனிக் கட்டணம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். வெறும் 'கோப்பி' என்றால் கெட்டிப்பால். 'ஓ' பால் இல்லாமல் சீனி மட்டும், 'சி' ஆவிப்பாலும் சீனியும், 'கோசோங்' சீனி இல்லாமல். நீரிழிவுக்காரர்கள் 'கோப்பி ஓ' என்று மட்டும் சொல்லி ஏமாறுகிறார்கள். 'கோப்பி ஓ கோசோங்' என்று முழுதாகச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கான காசை அந்தந்த ஒட்டுக்கடைக்காரர் தட்டு கொண்டுவரும்போதே கொடுக்க வேண்டும், சில்லறை கையில் இருக்கட்டும்.

கேள்வி: கூட வருபவர் முஸ்லிம் நண்பர். 'பன்றி இல்லை' என்ற பலகை போதுமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

பதில்: போதாது. கோழியை அறுத்த முறை, சமையலில் ஊற்றிய மது பற்றியெல்லாம் அந்தப் பலகை ஒன்றும் சொல்லாது. ஜாக்கிம் (அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். அல்லது எந்தக் கடை என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: குளிர்சாதன உணவகத்தில் 50 வெள்ளிக்குச் சாப்பிட்டோம், பில் 58. எப்படி? (புலாவ் தீக்குஸ் வாசகி)

பதில்: 6 விழுக்காடு அரசின் சேவை வரி, 10 விழுக்காடு கடையின் சேவைக் கட்டணம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும், பாருங்கள்.