கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகள் நான்காம் வகுப்பு. வாரத்துக்கு இரண்டு நாளாவது நோட்டையோ தண்ணீர் பாட்டிலையோ வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறேன். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தலாம், ஆனால் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஞாயிறு இரவே "இனிமே நோட்டு மறந்தா அம்மா கொண்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கே டைம்டேபிளை அவள் கண் உயரத்தில் ஒட்டி, ஒவ்வொரு பீரியடாகப் படித்து அவளே பையை அடுக்கட்டும். முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள், கை மட்டும் வைக்காதீர்கள். பாட்டில் மறந்த நாளில் டீச்சரிடம் தண்ணீர் கேட்கத் தெரிய வேண்டும். அந்த வாக்கியத்தை வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு, மாத்திரை, கண்ணாடி மூன்றும் இந்தக் கணக்கில் சேராது, அவற்றைக் கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள்.

பல வீடுகளில் இது கெடுவது இரண்டாம் மூன்றாம் நாளில்தான். டீச்சர் போனிலிருந்து அழுகை கேட்கும், மனசு இளகும். அன்று ஓடிவிட்டால், எவ்வளவு அழுதால் அம்மா வருவாள் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

கேள்வி: பையனுக்கு ஒன்பது வயது. மளிகைக் கடைக்குத் தனியாக அனுப்பலாமா?

பதில்: நடுவில் மெயின் ரோடு இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். வரும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கணிப்பது இந்த வயதில் சரியாக வராது. கடை தெருவுக்குள்ளேயே இருந்தால் நான்கு முறையாகப் பழக்குங்கள். முதல் முறை அவன் முன்னால் நடக்கட்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும். அடுத்து நீங்கள் இருபதடி பின்னால். மூன்றாவது முறை வாசலிலேயே நில்லுங்கள். அதன் பிறகு தனியாக. இரண்டு போன் நம்பராவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

100 ரூபாய், மூன்று சாமான், அதற்கு மேல் வேண்டாம். கிளம்பும் முன்பே கணக்குப் போடட்டும்: பருப்பு 42, சோப்பு 35, கொத்தமல்லி 10, மீதி 13. மூன்று ரூபாய்க்குப் பதில் கடைக்காரர் மிட்டாயை நீட்டினால் "சில்லறையே குடுங்கண்ணே" என்று கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். பத்து ரூபாய் குறைந்து வந்தால் நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள். அப்போதே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு முனையில் நில்லுங்கள். பணம் திரும்ப வராமல் போனாலும் போகட்டும், அவன் கேட்டுவிட்டு வந்தால் போதும்.

கேள்வி: 12 வயது மகன் தோசை சுடப் பழகுகிறான். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு அடுப்படி" என்கிறார் மாமியார்.

பதில்: அத்தைக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம், அவன் சுட்ட தோசையைத் தட்டில் வையுங்கள்!

அடுப்பில் முதல் பாடம், லைட்டரைக் கையில் எடுத்த பிறகுதான் குமிழைத் திருப்புவது. பிள்ளைகள் குமிழைத் திருப்பிவிட்டு லைட்டரைத் தேடுவார்கள். அதற்குள் கேஸ் சேர்ந்து, பற்றும்போது குப்பென்று எழும்பும். தொளதொளச் சட்டை, பாலியஸ்டர் துணி கூடாது.

மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, எண்ணெய் தொட்ட அரை வெங்காயத்தால் தேய்த்துவிட்டு மறுபடி ஊற்றட்டும். திருப்பும்போது கிழிந்தால் அவசரப்பட்டிருக்கிறான். ஓரம் தானாகக் கிளம்பும்வரை பொறுக்க வேண்டும். கிழிந்த தோசையை நீங்கள் வாங்கிச் சரிசெய்யாதீர்கள், அவனே சாப்பிடட்டும்.

சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் கஷ்டப்பட்டு வளர்ந்தோம் அக்கா. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஃபேனைப் போடாமல், காசு கொடுக்காமல் பிள்ளையைப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்களே உண்டாக்கும் கஷ்டம் எது என்று பிள்ளைக்குத் தெரியும், கோபம்தான் மிஞ்சும். வீட்டில் நிஜமாக இருக்கும் குறையில் பங்கு கொடுங்கள். "சைக்கிள் இந்த மாசம் முடியாது, தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம்" என்று உண்மையைச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் இரண்டு குடம் அவன் பொறுப்பு.

கேள்வி: 15 வயது மகன் டியூஷனுக்கு ஸ்கூட்டர் கேட்கிறான். அதுவும் பழகட்டும் என்று விடலாமா?

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் ஆனால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டவுன் பஸ்ஸில் போகட்டும். ஸ்டாப்பைத் தவறவிட்டால் ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்காகச் சட்டைப்பையில் தனியாக 20 ரூபாய் இருக்கட்டும்.