பெரும்புள்ளியும் அரைப்புள்ளியும்

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் ஜெபர்சன் என்று ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. நுழைவுத் தேர்வு வைத்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்து வந்தார்கள். இப்போது தேர்வையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் இத்தனை இடம் என்று பங்கு வைத்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து டியூஷன் போன என் பேரனுக்கு இடம் இல்லை. திறமைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்களே, நியாயமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேவகோட்டை

பதில்: பெயர் வேண்டாம் என்கிறீர்கள், சரி. பச்சை மையையும் மாற்றியிருக்கலாமே அண்ணே!

முற்றுப்புள்ளி என்று எழுதினீர்கள் பாருங்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். புள்ளி விஷயத்தில் எனக்கும் எங்கள் புரூஃப் பார்ப்பவருக்கும் இருபது வருடத் தகராறு. நான் கமா போட்ட இடத்தில் அவர் அரைப்புள்ளி வைப்பார். நான் அடிப்பேன், அவர் மறுபடி வைப்பார். ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் விட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவனுக்குப் புரியாமலா போயிற்று? இதைச் சொன்னால், "அதனால்தான் சார் ஓலை ஒழிந்தது" என்கிறார். இந்தப் பக்கத்தில் எங்காவது அரைப்புள்ளி தென்பட்டால் அது என்னுடையது அல்ல, அவருடையது.

அது கிடக்கட்டும். தேவகோட்டைக்காரர் பேனாவில் புள்ளி என்ற சொல் கோபமாக வரலாமா? செட்டிநாட்டு நகரத்தாருக்குப் புள்ளி என்றால் ஆள் கணக்கு. கல்யாணமானால் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்கு வரி, புள்ளிக்கு இவ்வளவு. ரங்கூனில் கடை வைத்திருந்தவரும் ஒரு புள்ளி, அதே கடையில் கணக்கெழுதியவரும் ஒரு புள்ளி. தெருவில் அவர் பெரும்புள்ளியாக இருந்துவிட்டுப் போகட்டும், அந்த ஏட்டில் அவர் பெயருக்கு எழுத்து பெரிதாகாது.

வர்ஜீனியாக்காரர்கள் போட்டதும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். 2020 கடைசியில் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்தார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலும் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு இடம், மீதிக்குப் பொதுப் போட்டி. (அந்த அரைப் பேர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். புரூஃப் பார்ப்பவரைக் கேளுங்கள்.) அதற்கு முந்தைய வருடம் ஏழை வீட்டுப் பிள்ளை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத சேர்க்கையில், முதல் வருடமே அவர்கள் கால்வாசி. ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கினார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டது. விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை என்ன இனம் என்பதைச் சொல்வதில்லை. பள்ளி மதிப்பெண்ணோடு கட்டுரையும் எழுதச் சொல்கிறார்கள். கட்டுரைக்கும் டியூஷன் வந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

உங்கள் பேரன் கெட்டிக்காரன்தான். முடிவு வந்த அன்றைக்குச் சாப்பிட்டிருக்கமாட்டான், பாவம். நான் கிண்டுவது அவனை அல்ல, உங்களை.

என் டிரங்குப் பெட்டியில் உங்கள் பழைய கடிதம் ஒன்று இருக்கிறது. 2017, தமிழ்நாட்டுக்கு நீட் வந்த வருடம், அதே பச்சை மை. காரைக்குடியில் பிளஸ் டூ முடித்த பேத்திக்காக எழுதியது. "மூன்று மணி நேரப் பரீட்சை பன்னிரண்டு வருடப் படிப்பை அளந்துவிடுமா? கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாதவன் எங்கே போவான்?" என்று நாலு பக்கம். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கியபோது, "இதுவல்லவோ நியாயம்" என்று ஒரு தபால் அட்டை. இரண்டையும் வெளியிட்டேன். பேத்தியின் நியாயம் விமானம் ஏறியதும் பேரனுக்கு ஆகாமல் போய்விட்டதா?

பந்தியில் இடம் கிடைக்காதவனை நம் கல்யாண வீட்டில் யாரும் போகச் சொல்வதில்லை. கொஞ்சம் இருங்கள், அடுத்த பந்திக்கு இலை போடுகிறோம் என்பார்கள். அந்த வர்ஜீனியாப் பள்ளி இருக்கும் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டம் அமெரிக்காவிலேயே பணக்கார மாவட்டங்களில் ஒன்று. வருடத்துக்குச் சுமார் 550 இலைதான். அதில் யார் உட்காருவது என்றே சண்டை, அடுத்த பந்தி எங்கே என்று கேட்டு வழக்குப் போட்டவரை நான் பார்க்கவில்லை. காரைக்குடியில் கல்லூரி இல்லாத காலத்தில் அழகப்பச் செட்டியார் வாசலில் சல்லடை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 1947இல் கல்லூரியைத் தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்.

நியாயமா என்ற கேள்விக்கு நான் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. உங்கள் 2017 கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன், பேரனுக்கு வாசித்துக் காட்டுங்கள். தபால் செலவு என்னுடையது.

(கடைசி வரியில் சார் முற்றுப்புள்ளி வைக்க மறந்துவிட்டார், நான் வைத்திருக்கிறேன். – புரூஃப் பார்ப்பவர்)