முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்ததை விட்டுவிடலாமா?

வணக்கம் சகோதரி. ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) போட்ட அன்று இரவே குழந்தைக்குக் காய்ச்சல், தொடையில் வீக்கம். பத்தாவது வார ஊசியை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

ஊசி போட்ட இடத்திலுள்ள வெள்ளணுக்கள் மருந்தை அந்நியப் பொருளாகக் கண்டுகொண்டு, சைட்டோகைன் என்னும் வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. அவை மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸுக்குச் சேதி சொல்ல, உடம்பு சுடுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். (காய்ச்சலே வராத குழந்தைக்கும் எதிர்ப்பாற்றல் உருவாகும், அதற்காகவும் கவலைப்பட வேண்டாம்.)

முதல் ஊசியில் உருவாகும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) குறைவு. சீக்கிரமே வடிந்தும் விடும். ஆனால் கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் தங்கிவிடுகின்றன. 10, 14-ஆவது வார ஊசிகள் அவற்றைத் தட்டி எழுப்பும்போதுதான் பாதுகாப்பு வலுப்படுகிறது. கர்ப்பத்தில் உங்களிடமிருந்து தொப்புள்கொடி வழியாகப் போன ஆன்டிபாடியோ சில மாதங்களில் கரைந்துவிடும். கக்குவான் இருமல் கைக்குழந்தைகளுக்குத்தான் உயிராபத்து. அதனால்தான் தள்ளிப்போடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, துவண்டுபோதல், மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது இருந்திருந்தால், அடுத்த ஊசிக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் ஊசிக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடை பார்த்து அவரே சொல்லட்டும். வீக்கத்தைத் தேய்க்காதீர்கள், தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள்.