512 மீற்றர் ஆழக் குளமும் கூடாத கூட்டுத்தொகையும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "எங்கள் கமக்காரர் அமைப்புக்குக் கிடைத்த நீர்மட்ட உணரியின் தரவைப் பைதன் நிரலாக்க மொழியில் வாசிக்கிறேன். குளத்தின் அளவுகோல் 456 சென்ரிமீற்றர் காட்டும்போது திரையில் 51201 வருகிறது. சராசரிக்காகக் கூட்டும் மொத்தமும் எப்போதும் சுழியமாகவே நிற்கிறது. உணரி குழம்பிவிட்டது, 'டிகோடர்' மென்பொருள் தனியே வாங்க வேண்டும் என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?" தாம் எழுதிய நிரலையும் இணைத்திருக்கிறார்.

வாங்க வேண்டாம். உணரி நலமாக இருக்கிறது என்பதற்கு நீங்கள் தந்த இரண்டு எண்களே சான்று. ஒரு பைற்றில் 0 முதல் 255 வரையான எண்தான் அடங்கும் என்பதால், 456 ஐ இரண்டு பைற்றுகளில் எழுதினால் 1, 200 என்று அமையும். 1 ஐ 256 ஆல் பெருக்கி 200 ஐக் கூட்டிப் பாருங்கள். அதே இரண்டையும் இடம் மாற்றி, 200 ஐ 256 ஆல் பெருக்கி 1 ஐக் கூட்டினால் 51201. 256 இன் மடங்கைக் குறிக்கும் பைற்றை உணரி முதலில் அனுப்புகிறது. உங்கள் மடிகணினியோ அது இரண்டாவதாக வரும் என்று எடுத்துக்கொள்கிறது. 512 மீற்றர் ஆழமான குளம் வன்னியில் எங்கும் இல்லை என்பது அந்த முகவருக்கும் தெரியாததல்ல.

பைற்றுகளை எண்களாக மாற்றும் 'ஸ்ட்ரக்ட்' தொகுதியின் 'அன்பேக்' கட்டளையில், மேற்கோட்குறிக்குள் நீங்கள் இட்டிருக்கும் எச் எழுத்துக்கு முன்னால் > என்ற குறியைச் சேருங்கள். முதற் சிக்கல் தீர்ந்துவிடும். பைற்றுகளை அப்படியே அச்சிட்டுச் சோதிக்காதீர்கள், ஏனெனில் 65 என்ற பைற்று ஆங்கில ஏ எழுத்தாகத் தோன்றிக் குழப்பும். 'லிஸ்ட்' ஆக மாற்றி அச்சிட்டால் 1, 200 என வெறும் எண்களாகத் தெரியும்.

ஒரு குறியைச் சேர்த்தால் முடிகிற வேலைக்கு மென்பொருள் விற்க வருபவர்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் குறைவதேயில்லை. உதவித் திட்டங்களில் கருவி ஊருக்கு வருகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. கையேடு மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட, அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். உயர்தர வகுப்பில் மறை எண்களை இருமத்தில் எழுதும் முறையான இரண்டின் நிரப்பியைத் தாளில் கணிக்கச் செய்யும் நாம், உண்மையான ஓர் உணரியின் இரண்டு பைற்றுகளை மாணவர் கையில் ஒருநாளும் கொடுப்பதில்லை.

மொத்தம் சுழியமாக நிற்பதற்குக் காரணம் வேறு. உங்கள் நிரலில் 'மொத்தம்' என்ற மாறிக்குச் சார்புக்கு (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டுக்கு) வெளியேயும் உள்ளேயும் சுழியம் இடப்பட்டிருக்கிறது. உள்ளே இடாதிருந்தபோது பைதன் பிழை காட்டியிருக்கும். யாரோ உள்ளேயும் ஒரு சுழியத்தை இட்டு அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். சார்புக்குள் ஒரு மாறிக்குப் பெறுமதி அளித்தால், அது அந்தச் சார்பு முழுவதற்கும் உள்ளக மாறியாகிவிடும். வெளியே அதே பெயரில் இருப்பதைத் தொடாது, சார்பு முடிந்ததும் மறைந்துவிடும். உள்ளே இருக்கும் சுழியத்தை நீக்கி, பழைய மொத்தத்தைச் சார்புக்குக் கொடுத்து, கூட்டிய மொத்தத்தை 'ரிட்டர்ன்' மூலம் திருப்பி வாங்குங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாக வாசியுங்கள். வெளியே உள்ள பட்டியல் ஒன்றில் சார்புக்குள்ளிருந்து 'அப்பெண்ட்' மூலம் ஒரு வாசிப்பைச் சேர்த்தால், எந்த அறிவிப்புமின்றி வெளியே உள்ள பட்டியலே வளரும், ஏனெனில் அங்கே நீங்கள் பெயருக்குப் புதிய பெறுமதி எதையும் அளிக்கவில்லை, இருக்கும் பட்டியலுக்குள் ஒன்றைப் போடுகிறீர்கள். அதே பட்டியலின் பெயருக்குச் சமக்குறியிட்டு வெற்றுப் பட்டியல் ஒன்றை அளித்தாலோ, அதுவும் அந்தச் சார்பு முழுவதற்கும் உள்ளக மாறியாகிவிடும். அதில் சேர்ப்பவை வெளியே போய்ச் சேரா. பட்டியல் வேலை செய்தது, எண் மட்டும் ஏன் செய்யவில்லை என்று உங்களைப் போல் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முகவர் மீண்டும் வந்தால் பணத்துக்குப் பதிலாக ஒன்றைக் கேளுங்கள்: எந்தப் பைற்று எதைக் குறிக்கிறது, எது முதலில் வருகிறது, மறை எண்கள் உண்டா என்று சொல்லும் தரவு அட்டவணை. மறை எண்கள் வருமானால் பெரிய எச் எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எச் இட வேண்டும். இல்லாவிட்டால் -3 என்பது 65533 ஆகத் தெரியும்.