ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளுக்கு வழி கேட்பது எப்படி?

கேள்வி: எங்கள் கிராமத்திலிருந்து மேல்நிலைப்பள்ளிக்குக் காவிரிக் கரை வழியாகப் போனால் நான்கு கிலோமீட்டர். கரையின் இரு முனையிலும் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நடந்து போகலாம், சைக்கிள் கூடாதாம். பிள்ளைகள் லாரி ஓடும் நெடுஞ்சாலையில் ஏழு கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். இரண்டு முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்: ஆற்றுக்கரைப் பராமரிப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேட்டுகளை எனக்குத் தெரியும். பெரும்பாலும் மணல் ஏற்றும் வண்டிகளைத் தடுக்கத்தான் போடுவார்கள். சைக்கிளை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு கேட்டின் கீழ்க்கம்பியில் மட்டும் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளவென்று இருக்கும். காலையில் போய் நின்றால் காரணம் தெரியும். ஒரு பெண் சைக்கிளைப் படுக்கவைத்து அடியில் தள்ளுவாள், மறுபக்கம் இன்னொருத்தி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பாள். பதினோராம் வகுப்பில் அரசே இலவசமாகக் கொடுத்த சைக்கிள் அது. அதைத் தரையில் தேய்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அந்தக் கரை யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் (ஊர் நிலங்களின் கணக்கு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) இருக்கும். ஆறு, கரை எல்லாம் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். காவிரிக் கரை என்றால் பராமரிப்பு பெரும்பாலும் நீர்வளத் துறையிடம். 2021 வரை அது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. இன்றும் ஊரில் எல்லோரும் 'பி.டபிள்யூ.டி.' என்றே சொல்வதால் மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. உங்கள் இரண்டு மனுவும் எந்த முகவரிக்குப் போயின என்று பாருங்கள். உங்கள் பகுதிக் கோட்டத்தின் செயற்பொறியாளருக்குப் போக வேண்டும், நகல் உதவி செயற்பொறியாளருக்கு.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம். 'ஏன் சைக்கிளை விடுவதில்லை?' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணம் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. 'இக்கரையில் சைக்கிள் செல்லத் தடை விதித்த ஆணையின் நகல் தருக' என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அப்படி ஓர் ஆணையே இல்லை என்று பதில் வந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

போர்டில் 'வாகனங்களுக்குத் தடை' என்று எழுதியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. பேட்டரி சைக்கிளும் மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அதில் வராது. ஆகவே 'மோட்டார் வாகனங்களுக்குத் தடை' என்று திருத்தி எழுதச் சொல்லலாம்.

இனி பொறியாளரின் பயம். மனு எழுதுபவர்கள் யாரும் இதைத் தொடுவதில்லை, அதனால்தான் மனு மேஜையிலேயே கிடக்கிறது. சக்கரம் ஓடி ஓடித் தடம் விழும், மழைநீர் அதில் தேங்கும், கரை ஊறும் என்பது ஒன்று. அந்தப் பயம் டிராக்டருக்குப் பொருந்தும். சைக்கிளும் ஓட்டுபவரும் சேர்ந்தால் நூறு கிலோ தாண்டுவதே அபூர்வம், துறையின் ஜீப்போ ஒரு டன்னுக்கு மேல். கரையை உண்மையில் கெடுப்பது எலி வளையும் நண்டு வளையும்தான். அதில் நீர் கசிவதை முதலில் பார்ப்பவர் தினமும் அந்த வழியே போகிறவர். லஸ்கர் என்கிற துறையின் கரைக் காவல் ஊழியர் ஒருவரே பல கிலோமீட்டர் கரையைப் பார்க்க வேண்டியிருக்கும்போது, நூறு பிள்ளைகளின் கண் அவருக்குப் பெரிய துணை. இதை மனுவில் எழுதுங்கள்.

இரண்டாவது பயம் வெள்ளம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துப் போன ஆறு இது. அவர்கள் பதறுவதில் நியாயம் உண்டு. வழக்கமாக மேட்டூர் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. பள்ளி நாட்களில் பெரும்பகுதி ஆற்றில் தண்ணீர் ஓடும். அதனால் 'வெள்ள எச்சரிக்கை நாட்களில் பாதையை மூடுவதற்கு ஒத்துக்கொள்கிறோம்' என்று நீங்களே முன்வந்து எழுதிவிடுங்கள். மூன்றாவது, ஒரு பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு? வளைவுகளில் தடுப்புக் கம்பி, போர்டு, மண் நிரவல் ஆகியவற்றை ஊராட்சி செய்துகொள்ளும், துறை தடையின்மைச் சான்று தந்தால் போதும் என்று கேளுங்கள். நிலம் துறையிடமே இருக்கும்.

கேட்டை வெறுமனே எடுக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். எடுத்தால் மறுநாள் இரவே மணல் வண்டி வரும். கேட்டுக்குப் பதில் மூன்று கம்பம் கேளுங்கள், இடைவெளி 1.2 மீட்டர். ஆட்டோவே 1.3 மீட்டர் அகலம், நுழையாது. சைக்கிள் நுழையும், மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டியும் நுழையும். நடுக்கம்பம் மட்டும் கழற்றுகிற மாதிரி, பூட்டோடு, சாவி லஸ்கரிடம். பைக்கும் நுழையும் என்பது உண்மைதான். வளைத்து வளைத்துக் குழாய் போட்டால் பைக் நிற்கும் என்பார்கள். ஆனால் அதில் முதலில் சிக்குவது மூன்று சக்கர வண்டி. பைக்குக்குப் போர்டும், முதல் சில வாரம் காவல்துறையின் கண்காணிப்பும் கேளுங்கள்.

ஊருக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. காலையில் கரையில் நடக்கும் பெரியவர்களிடமும், படித்துறையில் துணி துவைப்பவர்களிடமும் முன்னாலேயே பேசுங்கள். படித்துறை அருகே இறங்கித் தள்ளிப் போவோம், நடப்பவருக்கே முதல் வழி என்று சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தும் மனுவில் இருந்தால் எதிர்ப்பு கிளம்பாது.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். இந்த ஒரு கோரிக்கையை மட்டும் தீர்மானமாக்குங்கள், தெருவிளக்கையும் சாக்கடையையும் கூடச் சேர்க்க வேண்டாம். தீர்மானம் துறையைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அதன் நகலோடு போகும் மனுவுக்குத் தனி எடை. மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். முதல்வரின் உதவி மையத் தொலைபேசி எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

மனுவோடு ஒரு வாரக் கணக்கு இணையுங்கள். காலை ஏழரை முதல் ஒன்பது வரை நெடுஞ்சாலையில் எத்தனை பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், கேட்டுக்கு அடியில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று நாள்வாரியாக. பிள்ளைகளின் பெயரும் முகமும் வேண்டாம், எண்ணிக்கை போதும். நாளைக் காலை போகும்போது ஒரு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்டின் அகலம், கரையின் மேல்மட்ட அகலம், வளைவு இருக்கும் இடங்கள். இந்த மூன்று அளவும் மனுவின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.