கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி, கதவோரத்தில் வியாபாரி

தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: நான்கு வயது மகனுக்கு ராத்திரியானால் இருமல். கொசுவுக்காகத் தினமும் கட்டிலுக்கடியில் சுருள் ஏற்றி, ஜன்னலைச் சாத்தி ஏசி போடுகிறார்கள். வீடு தேடி வந்த ஒருவர் கையிலிருந்த, காற்றின் மாசை அளக்கும் மீட்டரைக் காட்டி, "300 காட்டுதுங்க" என்று பயமுறுத்தி, 28,000 ரூபாய்க்கு அயனைசர் (தூசியைப் படிய வைக்கக் காற்றில் மின்னூட்டம் ஏற்றும் கருவி) வைத்த ஏர் ப்யூரிஃபையர் வாங்கச் சொல்கிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் அந்தச் சுருளை நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது, அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், புகையும் அதோடு சேர்ந்து சுற்றும். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. காலையில் தட்டில் வட்டமாகக் கிடக்கும் சாம்பலைத்தான் நாம் பெருக்கித் தள்ளுகிறோம், புகை பிள்ளையின் நெஞ்சுக்குள் போய்விட்டது.

அந்த 300 எப்போது எடுத்தது? மிளகாய் தாளித்த கையோடு, ஊதுவத்தி ஏற்றிய கையோடு அளந்தால் எந்த வீட்டிலும் முள் எகிறும். இது பழைய தந்திரம், எத்தனையோ பேர் ஏமாந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். அயனைசர் ஓசோன் என்ற வாயுவை வேறு கக்கக்கூடும், இருமுகிற பிள்ளைக்கு அதுவே எரிச்சல். 'மூலிகை' என்று அச்சடித்த கொசு ஊதுவத்தியும் வேண்டாம். கொசு மருந்துக்கு அரசுப் பதிவு கட்டாயம் என்று 1968லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் பதிவு எண் இல்லாத பாக்கெட் பெட்டிக்கடையில் தொங்குகிறது, கேட்க ஆளில்லை. 2009இல் போட்ட காற்றுத் தர வரம்பும் வெளிக்காற்றுக்குத்தான். பிள்ளை பத்து மணி நேரம் தூங்கும் அறையை யார் அளப்பது?

கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு நெட் அடியுங்கள். படுக்கும் முன் கால்மணி நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முக்கியமான விதிவிலக்கு, போகி. அன்று விடியற்காலையில் திறக்கவே கூடாது. 2018 போகியில் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. முந்தைய ராத்திரியே சாத்திவிடுங்கள், ஈரத்துணியைக் கதவடியில் திணியுங்கள், வெயில் ஏறி வாடை போன பிறகு திறங்கள். பக்கத்தில் குப்பை எரித்தாலும் இதேதான், வாடை போகும்வரை சாத்தியே இருக்கட்டும்.

சுருள் இல்லாமல் இரண்டு வாரம் பாருங்கள். அதற்குள் மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.